இரண்டு தட்டும் ஒரு தட்டும்

அக்கா,

இன்று காலை பதினொன்றே காலுக்குச் சுவரில் ஒரு தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரத்தைக் கீழே போட்டது தெரிகிறது. எங்கள் கதவைத் திறந்தது நினைவில்லை. செருப்புகூட இல்லாமல் ஓடி, நீ இருந்த வீட்டின் கதவை இரண்டு கையாலும் இடித்துக்கொண்டு நின்றேன். கத்தினேன். நான் கத்தினேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் 'நீங்கள்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஏதோ ஆபீசுக்கு மனு எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். என்னைவிட உனக்கு இருபத்தைந்து வயது அதிகம். ஆனால் நேரில் உன்னை "அக்கா, நீ" என்றுதான் சொல்வேன், அதுவும் எப்போதாவது. பேசுவதெல்லாம் நீ. நான் தலையை ஆட்டுவேன். "வாயத் தொறந்து பேசுடி. ஈ உள்ள பூந்துட்டா நான் எடுத்து வுடுறேன்" என்பாய்.

எர்ணாவூரில் இந்தக் குடியிருப்புக்கு நம் இரண்டு வீடும் ஒரே வருஷம்தான் வந்தது. நீயும் மாமாவும் ராயபுரத்திலிருந்து, நானும் அம்மாவும் காசிமேட்டிலிருந்து. மூன்றாவது மாடியில் அடுத்தடுத்த கதவு. உன் வாசலில் மாதா படம், எங்கள் வாசலில் எலுமிச்சை மிளகாய். எங்கள் குளியலறையும் நீ படுக்கும் அறையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரின் எங்கள் பக்கம், பரண்மேல், இருநூறு லிட்டர் கறுப்பு டேங்க்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் திறப்பது பதினொரு மணிக்கு, ஒரு மணி நேரம். அதற்குள் நிறைத்துவைக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அம்மா விடிவதற்கு முன்பே இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்விடுவாள். வீட்டில் தண்ணீருக்கு ஆள் நான்தான். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுந்து நின்று வாசி என்றால் எனக்கு முதல் வார்த்தையே வெளியே வராது, வகுப்பு முழுக்கச் சிரிக்கும். இங்கே வந்ததும் பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தூரமாகிவிட்டது. அதையே சாக்காகச் சொல்லி நின்றுவிட்டேன்.

டேங்க் பாதி நிறையும்வரை சும்மா இருக்கும். அதற்குமேல், மிதக்கிற பந்து மேலே ஏறி வால்வை மூடப் பார்க்கும்போது, முதலில் பைப் நடுங்கும். பிறகு 'ஊஊம்' என்று ஒரு சத்தம். பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் வழியாக அது சுவருக்குள் இறங்கி உன் தலைமாட்டில் போய் நிற்கும்.

நீ ஆஸ்பத்திரியில் ஆயா. எப்போதும் நைட் டூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து, குளித்து, ஏதோ சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுப்பாய். பதினொன்றே காலுக்கு எங்கள் டேங்க் உன்னை எழுப்பிவிடும். முதல் தடவை நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் கிரில் கதவுக்கு வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

"இன்னாடி, உங்க வூட்டுக்குள்ள கப்பல் வந்துகினு கீதா? சொல்லு, நானும் ஏறிக்கிறேன்."

நான் சிரித்தேன்.

"சிரிக்கத் தெரியுது. பேசத்தான் தெரியல. இத பாரு, ராத்திரி பூரா பேஷன்ட்டு பெல் அடிச்சா ஓடுறேன். பகல்ல உன் டேங்கு பெல் அடிக்குது. நான் எப்போதான் தூங்குறது? நான் செவுத்துல ரெண்டு தட்டு தட்டுவேன். வந்து இன்னான்னு பாரு, சரியா?"

அப்படித்தான் அந்த இரண்டு தட்டு வந்தது. தட்டினால் நான் ஸ்டூல்மேல் ஏறி, டேங்க் மூடியைத் தள்ளி, பந்து மாட்டியிருக்கும் கம்பியைக் கையால் அசையாமல் பிடித்துக்கொள்வேன். சத்தம் நின்றுவிடும். விட்டால் மறுபடி தொடங்கும். சில நாள் டேங்க் நிறையும்வரை, கை மரத்துப்போகும்வரை, அப்படியே நின்றிருக்கிறேன். இதை ஒரு நல்ல காரியம்போல நான் உன்னிடம் காட்டிக்கொண்டேன். உண்மையில் அது வேறொன்றை மறைக்கச் செய்தது.

நீதான் சொன்னாய், "பால் போயிருக்கும். கடையில பால் வால்வுன்னு கேளு, குடுப்பான்." அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மெயின் ரோடு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடை முன்னால் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் "பால் வால்வு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பாலா? பால் பூத்து அந்தாண்ட கீதும்மா. இங்க பைப்புதான்" என்றான் ஒருவன். மற்ற இருவருக்கும் டீ சிந்துகிற அளவு சிரிப்பு.

கடைக்காரர், "சும்மா இரு மாமு" என்று அவனை அடக்கிவிட்டு, "அர இஞ்சா, முக்கா இஞ்சா பொண்ணு?" என்றார். அரை என்றேன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் பிரித்தால், சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு பித்தளைச் சாமான். பந்தே இல்லை. லைனை மூடித் திறக்கப் பைப்புக்கு நடுவில் போடுவதைத்தான் கடையில் பால் வால்வு என்கிறார்கள். டேங்குக்குள் பந்தோடு இருப்பதற்குப் பெயர் ஃப்ளோட் வால்வு. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இதை எடுத்துக்கொண்டு அந்த மூன்று பேர் முன்னால் திரும்பிப் போக என்னால் முடியாது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"வாங்கினியா?" என்று நீ கேட்டாய்.

"ஸ்டாக் இல்லையாம். அடுத்த வாரம் வருமாம்."

அடுத்த வாரம், பிளம்பர் வருகிறேன் என்றார் என்று சொன்னேன். அதற்கடுத்து, பிளம்பருக்குக் காய்ச்சல் என்றேன். வாயே திறக்காதவளுக்குப் பொய் மட்டும் எப்படி அவ்வளவு சரளமாக வந்தது? டிரெய்லர் லாரி ஓட்டும் மாமா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு நாள், "ஸ்பேனரு என்னாண்ட கீது, நான் வந்து பாக்கட்டா?" என்றார். "வேணாம் மாமா, சொல்லியாச்சு" என்றேன். அவர் உள்ளே வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடுமே என்ற பயம். நான்கு மாதம் இப்படியே போயிற்று. நான்கு மாதமும் நீ தினம் இரண்டு மணி நேரம் கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை.

ஒரு நாளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நான் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டு தட்டினாய். இதோ முடியட்டும் என்று இருந்தேன். மறுபடி இரண்டு. மூன்றாவது தடவை தட்டியபோது உன் கை தளர்ந்துபோயிருந்தது சத்தத்திலேயே தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அக்கா. தெரிந்தும் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும்போது நீ திட்டுவாய் என்று கதவோரம் நின்றேன். "இன்னிக்கி கடல்ல அல ஜாஸ்தி போல" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய்.

அப்புறம் அந்தக் காலை. நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாய். நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். நின்றாய். மூச்சு வாங்கினாய்.

"நெஞ்சு ஒரு மாரி பெசையுதுடி. மூணு நாளா தூக்கமே இல்ல, அதான். இன்னிக்கி ஒரு நாளு என்ன தூங்க வுடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

நீ சொன்னது இரண்டு சேதி. ஒன்று நெஞ்சு, ஒன்று தூக்கம். என் காதில் விழுந்தது தூக்கம் மட்டும்தான். நான்கு மாதமாக அந்தச் சொல்லுக்குப் பயந்துகொண்டிருந்தவள், அதனால் அது மட்டும் விழுந்தது. உன் முகம் வேர்த்திருந்ததைப் பார்த்தேன். படி ஏறியதால் என்று நினைத்துக்கொண்டேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய். மாமா நெல்லூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தார். நீ அப்படிச் சொன்னதைக் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டேங்கைச் சரிசெய்தேன்.

தண்ணீர் திறக்க நேரமிருந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கம்பியைப் பிடித்திருக்கும் பின்னைக் கட்டிங் பிளேயரால் உருவியதும் பந்தும் கம்பியும் கையோடு வந்தன. உள்ளே விரல் நீளப் பித்தளைத் துண்டு. அதன் முனையில், சட்டைப் பொத்தான் அளவில், ஒரு ரப்பர் வாஷர். நடுவில் குழி விழுந்து கல்போல் ஆகியிருந்தது. அதுதான் ஆறு அடிச் சுவரை அதிரவைத்தது. அதை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடி மேசைமேல் வாஷரை வைத்தேன். கடைக்காரர் அதைப் பார்த்தார், ஒரு டப்பாவைத் துழாவிப் புதியதொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதானே?" என்றார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் அக்கா. நான்கு மாதத்துக்கு முன்பே இப்படி வைத்திருக்கலாம்.

புது வாஷரைப் போட்டு எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். மேலேயிருந்து விழுகிற தண்ணீரில் அலை எழும்பிப் பந்து ஆடுவதும் சத்தத்துக்குக் காரணம் என்று வீடியோவில் சொன்னார்கள். பழைய பச்சை ஹோசில் ஒரு துண்டு நறுக்கி வால்வின் வாயில் செருகி, தண்ணீர் அடியில் போய் இறங்கும்படி விட்டேன். முடிக்கும்போது மணி பத்தே முக்கால்.

பதினொன்றுக்குத் தண்ணீர் வந்தது. டேங்க் பாதி நிறைந்தது. பந்து ஏறியது. பைப் நடுங்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ தண்ணீர் குடிக்கிற அளவுக்குத்தான் சத்தம். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். உன் பக்கம் அமைதி. தூங்குகிறாய் என்று நினைத்தேன். அந்த அரை மணி நேரம்போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. இதை எழுதவே கை கூசுகிறது.

அப்போதுதான் அந்த ஒரு தட்டு. மெல்ல. தட்டா, உரசலா என்று தெரியாத மாதிரி. சத்தத்துக்கு இரண்டு தட்டு என்பதுதானே நம் கணக்கு. இது ஒன்று. சபாஷ் என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நானும் விரல் நுனியால், உன் தூக்கம் கலையாதபடி, ஒரு தட்டு தட்டினேன். பிறகு சோறு வடிக்கப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு மாமா வந்து தன் சாவியால் கதவைத் திறந்தார். அவர் கூப்பிட்ட சத்தத்தில் மாடி முழுக்கக் கூடியது. வந்து பார்த்த டாக்டர், பன்னிரண்டு வாக்கில் நடந்திருக்கும் என்றார். "தூக்கத்துலயே போய்ட்டா. நோவு நொடி இல்லாம, மவராசி" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். உன் வலது கை சுவர்ப் பக்கம் நீண்டிருந்தது. மாமா உன் தலைமாட்டில் உட்கார்ந்து யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "தெனம் அந்த டேங்கு சத்தத்துக்கு முழிச்சிப்பா. இன்னிக்கி அதுகூட வரல போல."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பக்கமும் வழியில்லை. சத்தத்தை நான்கு மாதம் விட்டுவைத்து உன் தூக்கத்தைத் தின்றேன். சத்தம் தேவைப்பட்ட ஒரே நாளில் அதை நிறுத்தினேன். வாஷரை எடுக்கும் நேரத்தில் உன் கதவைத் தட்டி, "அக்கா, நெஞ்சு எப்டி கீது?" என்று கேட்டிருந்தால்? நீயே ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள்; பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தால்கூடப் போதும். அம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். கீழ்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் வாயைத் திறக்கவேண்டும். டேங்குக்கு வாய் தேவையில்லை. அதனால்தான் டேங்கைச் சரிசெய்தேன்.

மாதா கோயிலில் உனக்கு வைத்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் டேங்கைச் சரிசெய்ததை அம்மா அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் என் தலையில் கை வைத்து, "கடைசி நாளாச்சும் நிம்மதியா தூங்கினா. நீதான் ரிப்பேர் பண்ணியாமே. நல்லா இரு கண்ணு" என்றார். நான் வழக்கம்போல் தலையை ஆட்டினேன். அந்தக் கை இன்னும் என் தலைமேலேயே இருக்கிறது அக்கா.

இப்போது மாமா திருவொற்றியூரில் அவர் தங்கச்சி வீட்டோடு இருக்கிறார். உன் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு வயசு நிறையாத பெண் குழந்தை. அந்தச் சுவரில் நேற்றுவரை ஒரு சத்தமும் இல்லை. இன்று அந்த ஒரு தட்டு.

நான் இடித்த இடியில் குழந்தையின் அம்மா கதவைத் திறந்தாள். "இன்னா பொண்ணே, கதவ பேத்துடுவ போல! ரெய்டா?"

"நெஞ்சு வலிக்குதா?" என்றேன்.

"இன்னாது?"

"நெஞ்சு வலிக்குதா உனக்கு? சொல்லு. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் இட்டுனு போறேன்."

"எனக்கு இன்னாத்துக்கு வலிக்கும்? நல்லாத்தானே கீறேன். உனக்குத்தான் இன்னாமோ ஆயிட்ச்சு."

அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். நீ படுத்திருந்த இடத்தில் பாய்மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு சோற்றுக் கரண்டி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சுவரில் இன்னொரு தட்டு வைத்தது.

"இவதான். கரண்டி குடுத்தாதான் அழுகைய நிறுத்துறா" என்றாள் அவள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "யாருக்குடி நெஞ்சு வலிச்சுது?" என்று மெல்லக் கேட்டாள். நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து இதை முதலில் கேட்கவேண்டியவர் மாமா, அவள் இல்லை.

உன்னிடம் கேட்கவேண்டிய கேள்வியை, உன் வீட்டு வாசலிலேயே, நல்ல உடம்போடு இருக்கிற ஒருத்தியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். கேட்க எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு அன்றைக்கு என்னிடம் இருந்தது. உனக்குத் தரவில்லை.

வரும் ஞாயிறு உனக்கு வருஷப் பூசை. மாமா வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவரிடம் சொல்லப்போகிறேன். அதன் பிறகு அவர் என் தலையில் கை வைப்பாரா என்று தெரியாது. வைக்காவிட்டாலும் அது அவருக்கு நியாயம்.

பழைய வாஷர் இன்னும் என்னிடம் இருக்கிறது. சில நாள் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன். கடையில் அதை மேசைமேல் வைத்ததும் பேச்சில்லாமலே வேலை முடிந்தது. மாமா முன்னால் வைத்தால் அவருக்கு அது ஒரு ரப்பர் துண்டு. இதற்கு நான் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

நெஞ்சு பிசையுது என்று சொன்னாள், மாமா. என்னிடம்தான் சொன்னாள். சுவரில் ஒரு தட்டும் கேட்டது.

இந்த மூன்று வரியைக் குளியலறையில் நின்று, தண்ணீர் ஏறும் நேரத்தில், சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். முன்பென்றால் டேங்க் சத்தத்தில் அமுங்கிப்போயிருக்கும். இப்போது டேங்க் சத்தம் போடுவதில்லை. என் குரல் எனக்கே கேட்கிறது.